ஹொந்தாய் என்று சொல்லிவிட்ட தொண்டை

பஸ்ஸில் ஏறுகிற தெரிந்த முகங்கள் எல்லாம் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. "முழிச்சிருக்கிறப்பவே மூக்கு வழியா குழாய் விட்டாங்களாமே, மெய்யா?" மெய்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லத் தொண்டைக்கு இன்னும் முழு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கழுத்தில் கட்டியை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து நிற்கிற யாருக்காவது உதவினால் நல்லது.

நான் கஹவத்தையிலிருந்து ரத்னபுரி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பெயர் சிவா. சிங்களப் பயணிகளுக்கு சிவா மல்லி, அதாவது தம்பி. வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில். மனைவி புஷ்பா கொழுந்து பறிக்கிறாள். டிரைவர் பியசேன அய்யா. அவர்கள் பாஷையில் அய்யா என்றால் அண்ணன். சொந்த அண்ணன் இருந்தால்கூட இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் சண்டையில்லாமல் ஓடியிருக்க முடியாது. அந்தச் சண்டைகளை எல்லாம் சேர்த்து நான் வீட்டில் புஷ்பாவோடு போட்டுக்கொள்வேன். அவளும் சளைத்தவள் இல்லை. நாங்கள் பேச ஆரம்பித்தால் மேல் லயத்துக்காரர்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள்.

கண்டக்டருக்குக் கை கால் போனால்கூட ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம். குரல் போனால் அவன் வெறும் பயணி. "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்க" என்று நான் இரண்டு பாஷையிலும் கத்தினால்தான் நடுவில் மரம்மாதிரி நிற்கிற கூட்டம் கொஞ்சம் அசையும்.

கழுத்து வீங்கியதை முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. சட்டைக் காலர் பொத்தான் எட்டவில்லை என்றதும் சட்டைதான் சுருங்கிவிட்டது என்று புஷ்பாவிடம் குறைபட்டேன். அவள் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து என் தலைமாட்டில் தலையணை கூடிக்கொண்டே போனது. மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கும் என்பதை நான் சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறாள். தன்னுடையதையும் எனக்கு வைத்துவிட்டு, பழைய சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டாள். அதைக் கேட்டதற்கும் ஒரு சண்டை.

கடைசியில் அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். தைரொய்ட் என்று ஒரு சுரப்பி, தொண்டைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது, அதுதான் வீங்கியிருக்கிறது என்றார் டொக்டர். நாம் கழலை என்று சொல்வதுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது மூச்சுக்குழாய் நேராக இல்லாமல் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, நசுங்கிய மாதிரித் தெரிந்தது. ஒரு ஊசியைக் கட்டிக்குள் விட்டுச் சாறு எடுத்து அனுப்பினார்கள், புற்றுநோயா இல்லையா என்று பார்க்க. அந்த முடிவு வருகிற வரைக்கும் இருந்த நாட்களை எழுத எனக்கு மனசில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன், புஷ்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். புற்றுநோய் இல்லை என்று வந்ததும் கிளினிக் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் கெட்ட செய்தி என்று நினைத்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதார்.

கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. அதற்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரைப் பார்க்கவேண்டும். இளம் வயது, சிங்களப் பெண், பேச்சில் அவசரமே இல்லாதவர். நான் அவருக்கு வைத்த பெயர் மயக்க டொக்டர். அவர் சிங்களத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். வாயைத் திற என்றார், கீழ்த்தாடையை முன்னால் தள்ளு என்றார், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார். கட்டி இடம் விடவில்லை.

"மயக்கம் கொடுத்தா நீங்க சொந்தமா மூச்சு விடமாட்டீங்க. நாங்கதான் குழாய் வழியா மூச்சு குடுக்கணும். மத்தவங்களுக்குத் தூங்கவச்சிட்டு குழாய் போடுவோம். உங்களுக்கு மூச்சுப்பாதை வளைஞ்சிருக்கு. தூங்கினப்புறம் வழி கெடைக்கலைன்னா ஆபத்து. அதனால முழிச்சிருக்கிறப்பவே, மூக்கு வழியா சின்ன கெமரா விட்டு, பாதையைப் பார்த்துகிட்டே குழாயைக் கொண்டுபோவோம்."

நான் கேட்டது வேறு. "டொக்டர், என் குரல் இருக்குமா?"

குரலை ஆட்டுகிற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது, குழாயும் குரல் நாண்களுக்கு நடுவில்தான் போகவேண்டும், முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சத்தியம் பண்ணிக் கொடுக்க முடியாது என்றார். ஏமாற்றாமல் சொன்னார் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்தது வேறு, பயம் வேறு. வீடு வரும்வரை பஸ்ஸில் புஷ்பா என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தாள்.

அன்றைக்கே அவர் இன்னொரு விஷயமும் கேட்டிருந்தார். பல ஆஸ்பத்திரிகளின் டொக்டர்மார் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி செய்கிறார்களாம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவதில் எந்த முறை நல்லது என்று உலகம் முழுக்க ஆராய்கிறார்கள். ஆனால் ஒருவர் குழாய் முதல் முயற்சியிலேயே போனதா என்று பார்க்கிறார். இன்னொருவர் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்க்கிறார். வேறொருவர் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததா என்று பார்க்கிறார். சிலர் தொண்டை வலியைக் கேட்கிறார்கள், சிலர் கேட்பதே இல்லை. எல்லாரும் 'வெற்றி' என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் ஒருவருடைய வெற்றியை மற்றவருடையதோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் எல்லாரும் கட்டாயம் அளக்கவேண்டியவை இவை, இன்ன நேரத்தில் அளக்கவேண்டும் என்று பொதுவாக முடிவு செய்யப் பார்க்கிறார்களாம். அதற்கு நோயாளியின் வாயாலும் கேட்கவேண்டும். சம்மதமா என்றார்.

எனக்கு இது சட்டென்று விளங்கியது. எங்கள் பஸ் நல்ல பஸ்ஸா என்று முதலாளியைக் கேட்டால் அன்றைய வசூலைப் பார்ப்பார். டைம்கீப்பர் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்ப்பார். பொலிஸ்காரர் மிதிபலகையில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று பார்ப்பார். கைப்பிள்ளையோடு நின்றுகொண்டே வந்த அம்மாவை யாரும் கேட்கமாட்டார்கள். இதைச் சொன்னேன். மயக்க டொக்டர் சிரித்துவிட்டு, "அந்த அம்மாவைத்தான் நாங்க தேடிகிட்டு இருக்கோம்" என்றார். சம்மதம் என்றேன். அந்த அம்மாவின் இடத்தில் இருந்த நான் பிற்பாடு எப்படிச் சொதப்பினேன் என்பதுதான் இந்தக் கதை.

வார்டில் போய்ச் சேர்ந்தேன். என் பக்கத்துக் கட்டில் குருவிட்டைக்காரர், மாணிக்கக் குழியில் வேலை, காலில் பெரிய கட்டு. காலை முழுக்க அம்மே, அம்மே என்று முனகிக்கொண்டிருப்பார். டொக்டர்மார் சுற்றிவர ஆரம்பித்ததும் போர்வையை இழுத்து நேராக்கி, முகத்தைத் துடைத்துக்கொள்வார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ஹொந்தாய் டொக்டர்" என்பார். நல்லா இருக்கு என்று அர்த்தம். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் மறுபடி அம்மே. நான் அவரைக் கேலி செய்தேன். பிறகு கவனித்தேன், வார்டு முழுக்க அதே பாட்டுத்தான். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று வித்தியாசமே இல்லை. தோட்டத்துக்காரர்களான எங்களுக்கு இது இன்னும் ஒரு படி மேல். தோட்டத்தை நடத்துகிற துரை கேட்டாலும் ஹொந்தாய், ஆபீஸ் கிளாக்கர் கேட்டாலும் ஹொந்தாய். பெரிய மனுஷர் ஒருவர் நின்று நலம் விசாரிக்கிறபோது இல்லை என்று சொல்வது, விருந்து போட்டவரிடம் உப்பில்லை என்று சொல்வது மாதிரி. வாய் வராது.

சத்திரசிகிச்சை நாள் காலையில் புஷ்பா முதல் பஸ்ஸிலேயே வந்து நின்றாள். பியசேன அய்யாதான் கொண்டுவந்து இறக்கினார், ஆஸ்பத்திரி வாசலிலேயே. அது எங்கள் ரூட்டே இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லையாம்.

தியேட்டரில் என்னைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். மூக்கில் சொட்டு விட்டார்கள், தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. எச்சில் விழுங்குகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. பென்சிலைவிட மெல்லிய கறுப்பு வயர் ஒன்று, அதன் முனையில் கெமரா, அதன்மேல் குழாயைக் கோத்து வைத்திருந்தார்கள். "பேசிகிட்டே இருங்க, உங்க பஸ் நிக்கிற ஹோல்ட்டை எல்லாம் வரிசையா சொல்லுங்க" என்றார் மயக்க டொக்டர். மிஸ்ஸி, அதாவது தாதி, என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கஹவத்தையில் ஆரம்பித்தேன். பெல்மதுளை என்றேன், மூக்குக்குள் அழுத்தம். திரிவானகெட்டிய என்றேன், இருமல் வந்தது. பத்துகெதர என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. காற்று மட்டும் போய்வருகிறது. குழாய் குரல் நாண்களைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பிறகு சொன்னார்கள். அந்த நொடி எனக்கு அதெல்லாம் தெரியாது. வாய் அசைகிறது, நான் இல்லை. "ரொம்ப நல்லா செஞ்சீங்க, இப்ப தூங்குங்க" என்ற குரல் கேட்டது.

உள்ளதைச் சொல்கிறேன்: வலி இல்லை. பயம் இருந்தது. அந்தக் கை இருந்ததால் தாங்கமுடிந்தது. யாருக்காவது இதே மாதிரி குழாய் போடச் சொன்னால் போய்ப் படுங்கள், ஓடிவராதீர்கள்.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, ஓரத்தில் இரத்தம் வடிய ஒரு சின்னக் குழாய். மூச்சு இத்தனை லேசாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. மயக்க டொக்டர் வந்து குனிந்தார். "தொண்டை வலிக்குதா? விழுங்க முடியுதா? குரலில் மாற்றம் தெரியுதா?"

என் உயிரைக் கையில் வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தந்த பெண். அவர் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்?

"ஹொந்தாய் டொக்டர்."

கரகரத்த குரல்தான். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்றார். மறுநாள் வேறு டொக்டர் வந்தார், பெயரைச் சொல்லச் சொன்னார், சொன்னேன், ஹொந்தாய். பக்கத்துக் கட்டில்காரர் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். வார்டில் யாரும் கத்துவதில்லை. மெல்லப் பேச எனக்குக் குரல் இருந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

புஷ்பா பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவாள். ஆறவைத்து, கரண்டியால் குறுணை இல்லாமல் வடித்து, ஊட்டிவிடுவாள். நானே குடிப்பேன் என்றால் கேட்கமாட்டாள். கலியாணமான புதிதில்கூட இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் விஷயம் வெளிச்சமாயிற்று. தண்ணீர் பிடிக்கப் பீலியடியில் நின்ற புஷ்பாவை வாசலில் இருந்து கூப்பிட்டேன். வெறும் காற்று போனது. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன், குரல் இரண்டாகப் பிளந்து அடங்கிவிட்டது. அவள் திரும்பவில்லை. பிறகு நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆறிவிடும் என்று இருந்தேன்.

அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் விசித்திரமாக என்னென்னவோ நடந்தது. பிளேன்டீ சீனி இல்லாமல் வந்தது. என் சீப்பு காணாமல் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு நாடகம் போட்டாள். முந்திய காலம் என்றால் லயமே அதிர்ந்திருக்கும். நான் கையை ஆட்டிவிட்டு எழுந்து போனேன். அவள் முகம் வாடிப்போனது. எனக்குக் காரணம் புரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் மயக்க டொக்டர் ஆராய்ச்சிக்காகப் போனில் அழைத்தார். பஸ்ஸில் எனக்குப் போன் கேட்காது என்பதால் புஷ்பாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அவள் போனைச் சத்தமாக வைத்து என்னிடம் நீட்டினாள்.

"எப்படி சிவா? குரல் எப்படி?"

"ஹொந்தாய் டொக்டர்."

புஷ்பா போனைப் பறித்தாள். அவளுடைய சிங்களம் சந்தைச் சிங்களம், மரக்கறி வாங்கப் போதுமானது. அதில் தமிழைக் கலந்து கொட்டினாள்.

"பொய் சொல்றாரு டொக்டர்! ஹொந்த நே, ஒண்ணும் நல்லா இல்ல! தண்ணி குடிச்சா இருமுறாரு. கூப்பிட்டா சத்தம் வரல. டொக்டர், நான் வேணும்னே இவரு சீப்ப ஒளிச்சி வச்சேன். சீனி போடாம தேத்தண்ணி குடுத்தேன். ஒரு வார்த்த ஏசல டொக்டர். அவருக்கு ஏச முடியல. எனக்குப் பயமா இருக்கு."

அப்படியே அழுதுவிட்டாள். இருபது வருஷமாக வாயை மூடு, வாயை மூடு என்று என்னைத் திட்டியவள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணும் சும்மா இருக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கே வரச்சொன்னார். காது, மூக்கு, தொண்டை டொக்டர் கெமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டு, கதவின் இரண்டு பலகை மாதிரி வந்து சேர்ந்தால்தான் சத்தம். எனக்கு இடது பலகை சோம்பேறியாகிவிட்டது, சரியாக வந்து சேரவில்லை. நரம்பு அறுபடவில்லை, களைத்திருக்கிறது, பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றார். குழாய் அழுத்தியதாலா, கட்டியை எடுக்கும்போது நரம்பு இழுபட்டதாலா என்று கேட்டேன். யாராலும் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரிடம் அனுப்பினார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே தொடங்கியிருக்கலாம், தண்ணீரை எப்படிக் குடிப்பது என்றும் சொல்லித்தந்திருப்பார்கள்.

மயக்க டொக்டர் எங்களை மரத்தடி பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோபிக்கவில்லை. "எங்க கணக்குப்படி நீங்க முழு வெற்றி. முதல் முயற்சியிலேயே குழாய் போச்சு, ஒட்சிசன் குறையல, மறுநாள் குரல் நல்லா இருக்குன்னு பதிவு. அந்த ஆராய்ச்சியைப் படிக்கிற ஒருத்தருக்கு உங்க வீட்டுல நடந்தது தெரியவே தெரியாது" என்றார். குரலைப் பற்றி எப்போது கேட்பது என்பதிலேயே அவர்களுக்குள் இழுபறியாம். மறுநாளா, சில வாரம் கழித்தா. குரல் என்பது சத்திரசிகிச்சைக்காரர் பாடு, நம்முடைய வேலை குழாயோடு முடிந்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம்.

"அடுத்த கூட்டத்துல இதைச் சொல்லட்டுமா? பெயர் சொல்லமாட்டேன்."

"சீப்பு கதையையுமா?" என்றேன்.

"அதைத்தான் முதல்ல."

பிறகு ஒருமுறை, கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டதற்கு, "இன்னும் சண்டைதான். நாங்களும் உங்க ரெண்டு பேர் மாதிரி" என்று சிரித்தார்.

நான் வேலைக்குத் திரும்பினேன். ஹோல்ட் வருமுன் பியசேன அய்யா ஹோர்னை இரண்டு தரம் அடிப்பார். முன் சீட்டில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி சிங்களத்தில் கத்துவாள், இன்னொருத்தி தமிழில். நான் டிக்கட் காசை மட்டும் வாங்கிக்கொண்டு ஊமைத் துரைபோல நடந்தேன். அத்தனை அன்பும் எனக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறபோது, இது நிரந்தரம் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டதோ என்று தோன்றும். பயிற்சியை மட்டும் விடவில்லை. புஷ்பா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஆ, ஈ என்று கூடவே இழுப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாளியில் ஊறிய துணிகளுக்குள்ளிருந்து என் போன் வெளிச்சமில்லாமல் எட்டிப் பார்த்தது. புஷ்பா சட்டைப் பையைப் பார்க்காமல் தண்ணீரில் போட்டிருக்கிறாள்.

"பொக்கட்ட பார்க்காம தண்ணில முக்குறியே, கண்ணு எங்க போச்சி ஒனக்கு!"

வந்துவிட்டது. கடைசியில் கொஞ்சம் கிழிந்தது, ஆனாலும் முழுசாக வந்தது. வாசலில் இருந்த கோழிகள் சிதறின. மேல் லயத்தில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். புஷ்பா சவர்க்காரக் கையோடு ஓடிவந்து என் எதிரில் நின்றாள். பதிலுக்கு ஒரு வார்த்தை ஏசவில்லை. ஈரக் கையாலேயே அவளுடைய போனை எடுத்து நம்பரை அழுத்தினாள்.

"டொக்டர்! மட்ட பென்னா டொக்டர்! என்னைய ஏசிட்டாரு! கண்ணு எங்க போச்சின்னு ஏசிட்டாரு!"

அந்தப் பக்கத்திலிருந்து மயக்க டொக்டரின் குரல் வந்தது, அதுவும் அன்றைக்குக் கொஞ்சம் கரகரத்துத்தான் இருந்தது. "இன்னொரு தடவை ஏசச் சொல்லுங்க. நானும் கேட்கணும்."

புஷ்பா போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். கன்னத்தில் சவர்க்கார நுரை, கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. நான் வாயைத் திறந்தேன். குரல் இருந்தது, அந்த முகத்தைப் பார்த்து ஏசத்தான் வார்த்தை வரவில்லை.

"ஏசுங்களேன்," என்றாள். "டொக்டர் காத்துகிட்டு இருக்காங்க."